தொலைந்தவர்களைத் தேடிய ஒரு செமஸ்டர்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்றொரு பத்திரிகை 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. மெதடிஸ்ட் திருச்சபை நடத்திய பத்திரிகை அது. அதில் 'லாஸ்ட் ஃபிரண்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருந்தது. தொலைந்துபோன நண்பர்கள் என்று பொருள். ஆனால் அங்கே தேடப்பட்டவர்களில் மிகப் பலர் அம்மா, அப்பா, அண்ணன், தங்கை, பெற்ற பிள்ளை.

அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்கள் எழுதிய தேடல் அறிவிப்புகள் அவை. அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. இந்த அறிவிப்புகளோ 1880-களிலும் 1890-களிலும் வந்துகொண்டிருந்தன. சின்ன வயதில் ஏலத்தில் விற்கப்பட்டு அம்மாவைப் பிரிந்த பிள்ளை, தனக்கே பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தது. சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு இலவசம். மற்றவர்களுக்கு 50 காசு. படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்ததால், போதகர்கள் இவற்றைத் தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கும்படி பத்திரிகை கேட்டுக்கொண்டது.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுக்க நான் இந்த அறிவிப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். பாடநூல் இல்லை, வகுப்பறை இல்லை. நான், ஒரு பேராசிரியர், ஒரு கேள்வி. அவ்வளவுதான். 'வெளிநாட்டில் என்ன படித்தாய்?' என்று யாராவது கேட்டால், பொருளியல் என்று சொல்லிவிட்டு நான் மனத்துக்குள் நினைத்துக்கொள்வது அந்தச் செமஸ்டரைத்தான்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன்?

நான் கெடாவில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் டெக்னீஷியன். எஸ்.பி.எம். முடித்ததும் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டு இங்கே, மீதி இரண்டு ஆண்டு அமெரிக்காவில் என்ற மாற்றுப் பட்டப்படிப்புத் திட்டம். அரை உபகாரச் சம்பளம் கிடைத்தது. மீதிக்கு அப்பா ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்தார். ஆகவே ஒவ்வொரு கிரெடிட்டும் எத்தனை ரிங்கிட் என்பது எனக்கு மனப்பாடம்.

அங்கே பொருளியல் மாணவர்களும் தங்கள் துறைக்கு வெளியே சில பாடங்களை எடுத்தாக வேண்டும். எனக்கு ஒத்துவந்த நேரத்தில் இருந்தது 'ஆப்பிரிக்கானா கல்வி: ஓர் அறிமுகம்' என்ற பாடம். ஆப்பிரிக்கக் கண்டம், அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் உலகின் பிற பகுதிகளிலும் வாழும் மக்கள் ஆகியோரின் வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் துறை அது.

அந்தத் துறை பிறந்த விதமே என்னை முதலில் பிடித்து நிறுத்தியது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் மாணவர்கள். 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மற்ற சிறுபான்மை மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1969 மார்ச் வரை, நான்கு மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. அதன் விளைவாக அங்கே கறுப்பினக் கல்விக்கென்று தனித்துறை உருவானது. அதே 1969-இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டத்தை அடுத்துத் தொடங்கிய ஆய்வு மையம்தான் 'ஆப்பிரிக்கானா' என்ற பெயரைத் தாங்கி நின்றது. எங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை மட்டும் நாங்கள் படிக்க மாட்டோம், நாங்களே கேள்வி கேட்போம் என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கோரிக்கை.

அதற்கும் முந்திய ஒரு முன்மாதிரி உண்டு. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, தம் மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு வண்ண வரைபடங்கள் தயாரித்தார். கறுப்பினத்தவரின் நிலவுடைமை, கல்வி, தொழில் ஆகியவற்றின் புள்ளிவிவரங்கள் கையால் வரையப்பட்டு 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பொருளியல் மாணவியான நான் அவற்றின் படிகளைப் பார்த்து அசந்துபோனேன். எண்களால் இவ்வளவு பேச முடியுமா?

ஒரு மாணவர், ஒரு பேராசிரியர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'தனி ஆய்வு' என்று ஒரு வழி இருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை ஆராய விரும்பும் இளங்கலை மாணவர், ஒரு பேராசிரியரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒரு படிவம் இருக்கும். என்ன கேள்வி, எந்தெந்த நூல்கள், எத்தனை பக்கக் கட்டுரை, எத்தனை முறை சந்திப்பு, மதிப்பெண் எதன் அடிப்படையில் என்று எல்லாவற்றையும் செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எனக்கு மூன்று கிரெடிட், 25 பக்கக் கட்டுரை, வாரம் ஒரு முறை சந்திப்பு.

என் பேராசிரியர் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. மெல்லிய குரல். 'அடிமை முறையும் குடும்பமும்' என்று நான் எழுதிக்கொண்டு போன தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது என் ஆயுசுக்கும் போதாத கேள்வி. பதினைந்து வாரத்துக்கு எது போதும்?" என்றார். அவரே தலைப்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'லாஸ்ட் ஃபிரண்ட்ஸ்' பகுதியைக் காட்டி, "இதில் பத்தை வாசித்துவிட்டு வா. உனக்குள் எழும் முதல் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு வா" என்றார்.

நியூ ஆர்லியன்ஸ் வரலாற்றுக் காப்பகம் இந்த அறிவிப்புகளில் 2,500-க்கும் மேற்பட்டவற்றை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. பத்தை வாசித்தேன். கேள்வி தானாக வந்தது: படம் இல்லை, முகவரி இல்லை, பிறந்த தேதி இல்லை. இப்படி ஒருவரைத் தேடும்போது, 'இவர்தான் அவர்' என்று ஊருக்கு எதைச் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்?

பேராசிரியர் தலையசைத்தார். அதுவே என் ஆய்வாயிற்று.

அப்பாவின் கேள்வி

வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "சாப்டியா?" என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவங்க கதைய நீ ஏம்மா படிக்கணும்? நம்ம கதைய யாரு படிக்கிறா?"

அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது என்னை விட்டுப் போகவில்லை. சேமநிதிப் பணத்தில் மூன்று கிரெடிட். அதற்கு ஒரு நேர்மையான பதிலை அவருக்கு நான் கொடுத்தாக வேண்டும். 'நல்ல மார்க் வரும்பா' என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

அடுத்த சந்திப்பில் பேராசிரியரிடம் இதை அப்படியே சொன்னேன். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது தாத்தா பாட்டி கதை. எனக்கு அந்த உரிமை உண்டா என்றும் கேட்டேன். அவர் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "போதகரிடம் உரக்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்த்தாயா? எத்தனை காதுகளில் விழுமோ அத்தனையும் வேண்டும் என்றுதான் காசு கொடுத்துப் போட்டார்கள். உன் காது வேண்டாம் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை" என்றார். அப்பாவின் கேள்வியின் மறுபாதிக்கு அவர் பதில் சொல்லவில்லை. "அது உன் அப்பா உனக்குக் கொடுத்திருக்கும் வேலை" என்றார்.

மூன்று பத்திகள்

ஆய்வு எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இளம் வாசகர்கள் பலருக்கு 'ஆராய்ச்சி' என்றால் பெரிய வார்த்தை. நான் செய்தது சின்னச் சின்ன வேலைகள். 1880-ஆம் ஆண்டின் அறிவிப்புகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். தாளில் மூன்று பத்திகள்: ஆவணம் சொல்வது என்ன, நான் ஊகிப்பது என்ன, தெரியாதது என்ன. இது பேராசிரியரின் விதி. ஒவ்வொரு வாரமும் அவர் முதலில் பார்ப்பது மூன்றாவது பத்தியைத்தான். அது காலியாக இருந்தால், "இவ்வளவு தெரிந்துவிட்டதா உனக்கு?" என்று புருவத்தை உயர்த்துவார்.

1880-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு, அவருடைய அம்மாவும் அப்பாவும் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். அறிவிப்புப் போட்டவரின் பெயரையும் ஊரையும் வைத்துக் கணக்கெடுப்பில் தேடினால் அவருடைய வீட்டுக்குள்ளேயே போய்விடலாம்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் போனால் சுவர். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாக இருக்கும். மிகச் சில இடங்களைத் தவிர மனிதர்களின் பெயர் இருக்காது. விடுதலை பெற்றவர்கள் எல்லாரையும்போலப் பெயரோடு பதிவானது 1870-இல்தான். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடிப் போகும்போது பெரும்பாலும் அந்த ஆண்டில் முட்டிக்கொண்டு நிற்கும். பேராசிரியரின் குடும்பமும் அங்கேதான் நிற்கிறது என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரிவுகள் ஏன் இவ்வளவு? 1808-இல் அமெரிக்கா வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை விதித்தது. பருத்தித் தோட்டங்களோ தெற்கிலும் மேற்கிலும் பரவிக்கொண்டிருந்தன. ஆகவே நாட்டுக்குள்ளேயே வாங்கி விற்கும் வியாபாரம் பெருகியது. வெர்ஜீனியா, மேரிலண்ட் போன்ற பழைய மாநிலங்களிலிருந்து லூசியானா, மிசிசிப்பி, டெக்சஸ் பக்கம் உள்நாட்டுப் போருக்கு முன் சுமார் பத்து லட்சம் பேர் கொண்டுசெல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். விற்றவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் குடும்பத்தை ஒன்றாகவே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆய்வில் நான் கண்டது இதுதான். தேடுகிறவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் முதலாளிகளின் பெயர்களை. 'அம்மா இன்னாருக்குச் சொந்தமாக இருந்தார், அவர் இன்னாருக்கு விற்றார், அவர் இந்த ஊருக்குக் கொண்டுபோனார்' என்று வரிசையாகச் சொல்வார்கள். மேலோட்டமாகப் படித்தால், விடுதலைக்குப் பிறகும் எசமானரை மறக்கவில்லையே என்று தோன்றும். பல தாள்களை அடுக்கிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. விற்கப்பட்டவரின் குடும்பப் பெயர் மாறியிருக்கலாம், ஊர் மாறியிருக்கும், முகம் மாறியிருக்கும். மாறாமல் ஏதாவது ஒரு பத்திரத்தில் இருக்கக்கூடியது விற்றவன் பெயரும் வாங்கியவன் பெயரும்தான். அந்தப் பெயர்கள் அவர்களுக்கு முகவரி. அம்மாவிடம் திரும்பிப் போகும் வழியில் நட்டு வைத்த மைல்கற்கள். பதினைந்து, முப்பது ஆண்டு அதை மனத்துக்குள் ஒப்பித்து ஒப்பித்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

கணக்கெடுப்பில் ஒரு பெண்ணை நான் கண்டுபிடித்த நாள் நினைவிருக்கிறது. துணி துவைத்துப் பிழைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பதிவு. அறிவிப்பை யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 'அம்மா பிறந்த இடம்' என்ற கட்டத்தில் வெர்ஜீனியா என்று இருந்தது. அம்மாவைச் சிறு குழந்தையாகப் பிரிந்தவர், கணக்கெடுக்க வந்தவர் கேட்டதும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் அம்மா கிடைத்தாரா? என் தாளின் மூன்றாவது பத்தியில் அது இன்றும் இருக்கிறது. இந்த அறிவிப்புகளால் ஒன்றுசேர்ந்ததாகத் தெரியவந்த குடும்பங்கள் மிகக் குறைவு.

ஒப்பிடலாமா?

தோட்டத்து வம்சத்தில் வந்த நமக்கு இதைப் படிக்கும்போது நம் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. தொடர்பும் உண்மையானது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடினார்கள். மொரீஷியசுக்கும் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். மலாயாவிலும் ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்படும்வரை இருந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

ஆனால் பேராசிரியர் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். "தொடர்பு என்பது வேறு, சமம் என்பது வேறு. எங்கே ஒன்றாக இல்லை என்பதையும் எழுது" என்றார். எழுதினேன். ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருந்தது. அடிமை முறைக்கு இல்லை. கூலியின் பிள்ளை, பிறக்கும்போதே முதலாளியின் சொத்து ஆகவில்லை. அடிமைத் தாயின் பிள்ளை ஆனது. நம் முன்னோர் பட்ட துயரம் இதனால் சிறிதாகிவிடவில்லை. அவரவர் துயரத்தை அவரவர் பெயரோடு சொன்னால்தான் இரண்டும் விளங்கும்.

அப்பா கொடுத்த வேலை

கட்டுரையை ஒப்படைத்த வாரம் வீட்டுக்கு அழைத்து, போனைப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். பாட்டிக்கு அப்போது 85 வயது. அவருடைய அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அது ஒரு வரிக் கதை. 'சயாமுக்குப் போனாரு, வரல.' அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. பாட்டி அழுதுவிடுவார் என்று நாங்களே ஒதுங்கிக்கொள்வோம்.

நான் அறிவிப்புகளில் கற்றுக்கொண்ட விதத்தில் கேட்டேன். "அண்ணன எப்படித் தேடியிருப்பீங்க பாட்டி? எதச் சொல்லிக் கேட்டிருப்பீங்க?"

பாட்டி அழவில்லை. மளமளவென்று சொன்னார். பதிவில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். இந்தத் தோட்டம், இந்த டிவிஷன். கூடப் போனவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் பக்கத்து லயத்துக்காரர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லிக் கூட்டிப்போனது. லாரி ஏறிய இடம். இடது புருவத்தில் பால்வெட்டும் கத்தி பட்ட தழும்பு. கிராணியின் பெயர், தோட்டத்துத் துரையின் பெயர். எழுபத்தைந்து ஆண்டு இதையெல்லாம் அவர் மனத்துக்குள் ஒப்பித்து வைத்திருந்திருக்கிறார். கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். துரையின் பெயரைக்கூட ஏன் விடாமல் வைத்திருந்தார் என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. கறுப்பினப் பெண்கள் எழுதிய அத்தனை தாள்களும் அதைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன.

பக்கத்தில் அப்பா இருந்தார். "இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா" என்று அவர் பாட்டியிடம் சொன்னது போனில் கேட்டது. "நீ கேக்கலியே" என்றார் பாட்டி.

வேலை, வருமானம் என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இன்று நான் கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளர். நேர்முகத் தேர்வில் என் பொருளியல் பாடங்களைப் பற்றி இரண்டு கேள்விதான். இந்த ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். தெரிந்தது எது, ஊகம் எது, தெரியாதது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எந்த மேசையிலும் பயன்படுகிறது.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வேன்: உள்நாடோ வெளிநாடோ, இறுதி ஆண்டுக்குக் காத்திராமல் ஒரு விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டுங்கள். பெரிய தலைப்போடு போனாலும் பரவாயில்லை, அதைச் சிறிதாக்கத்தான் அவர் இருக்கிறார். உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும் மக்களின் கதையாக இருந்தாலும் தயங்காதீர்கள். கவனமாகக் கேட்கப் பழகிய காது எங்கேயும் பயன்படும்.

பாட்டி இரண்டு ஆண்டுக்கு முன் காலமானார். அவர் சொன்னதை நான் அன்றே மூன்று பத்திகளாக எழுதி அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். பணி ஓய்வு பெற்ற அப்பா இப்போது அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்தில் இருந்த பழைய குடும்பங்களைத் தேடிப் போகிறார். போன மாதம், கூடப் போன மூவரில் ஒருவரின் மகன் பீடோங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாவது பத்தியில் இருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அதை முதல் பத்தியில் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.